பூட்டு வாங்கப் போனால் சாவியைப் பாருங்கள்: கம்பியால் பூட்டுத் திறந்து பழக நினைப்பவர்களுக்கு

கம்பி வைத்துப் பூட்டைத் திறந்து பழகுகிறேன் என்று சொன்னாலே நம் ஊரில் ஒரு மாதிரி பார்ப்பார்கள். குறுக்கெழுத்து போடுவது, சதுரங்கப் புதிர் அவிழ்ப்பது போல இதுவும் ஒரு பொழுதுபோக்கு என்று புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அந்தக் கஷ்டம் தனி. நான் சொல்ல வந்தது வேறு கஷ்டம்.

வேலூரை ஒட்டிய காட்பாடியில் ஒரு வாடகை வீட்டு மாடியில் உட்கார்ந்து நானாகவே பழகினேன். முதல் மூன்று மாதத்தில் ஆன செலவு 2,300 ரூபாய். கருவிப் பெட்டி 850, பூட்டுத் திறக்கும் துப்பாக்கிக் கருவி ஒன்று 700, நான்கு பூட்டு 630, சில்லறைச் சாமான் 120. திறந்தது ஒரே ஒரு பூட்டு. இன்று யாராவது கேட்டால் 600 ரூபாய்க்குள், ஆறு வாரத்தில், உள்ளே நான்கு பின் (சின்ன உலோகக் குச்சி) இருக்கும் பூட்டைத் திறக்கவைத்துவிடுவேன். பணமும் நாளும் எங்கே வீணாயின என்பதை வரிசையாக எழுதுகிறேன்.

1. பூட்டு உங்களுடையதாக இருக்க வேண்டும், வேலையில் இருக்கக் கூடாது

முதல் பாதி எல்லோருக்கும் தெரியும். அடுத்தவர் பூட்டில் கை வைத்தால் அது பொழுதுபோக்கு இல்லை, போலீஸ் வழக்கு. நண்பர் வீடு, ஆபீஸ் அலமாரி, விடுதியில் பக்கத்து அறை எதுவும் வேண்டாம், விளையாட்டுக்குக்கூட.

இரண்டாவது பாதியில்தான் எல்லோரும் வழுக்கி விழுவார்கள். நம் வீட்டுப் பூட்டுதானே என்று கேட்டில் தொங்குவதை எடுத்துப் பழக ஆரம்பிப்பார்கள். நானும் அதைத்தான் செய்தேன். பூட்டியிருந்த கேட்டில் கம்பி நுனி உள்ளேயே முறிந்து நின்றுவிட்டது, சாவியும் நுழையவில்லை. ராத்திரி பத்து மணி. கீழ் வீட்டுக்காரர் வேலை முடிந்து ஸ்கூட்டரோடு வாசலில் நிற்கிறார். ஆக்சா பிளேடால் வளையத்தை அறுத்து முடிக்க 40 நிமிடம் ஆனது. "இன்னாப்பா, சொந்தக் கேட்டையே உடைச்சினு கீறே?" என்று அவர் கேட்டதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. புதுப் பூட்டு வாங்கிக் கொடுத்தேன்.

ஆகவே பழகுவதற்கென்று தனியாக வாங்கிய பூட்டு. கதவிலும் மாட்டாதீர்கள், வண்டியிலும் மாட்டாதீர்கள். கம்பி பட்டுப்பட்டு உள்ளே தேயும். தேய்ந்த பூட்டைத் திரும்ப வாசலுக்கு அனுப்பவே கூடாது.

2. சாவியைப் பார்த்துப் பூட்டை வாங்குங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

இணையத்தில் இருக்கிற வீடியோக்களில் பெரும்பாலானவை வெளிநாட்டுக்காரர்கள் போட்டவை. அவர்கள் கையில் இருப்பது பின் பூட்டு. சாவியோடு சேர்ந்து திரும்பும் உருளைக்குள் சின்னச் சின்னப் பித்தளைப் பின்கள், மேலே ஸ்பிரிங். நம் ஊர்க் கடையில் தொங்குகிற பூட்டில் நிறைய லீவர் பூட்டு. உள்ளே பின்னே கிடையாது. தகடுகளை அடுக்கி வைத்திருப்பார்கள், ஒவ்வொரு தகடையும் அதனதன் உயரத்துக்குத் தூக்கினால்தான் தாழ் நகரும். திண்டுக்கல் பூட்டு என்று பேர்போனதும் லீவர் வகைதான். திறமையான பூட்டு, சந்தேகமில்லை. ஆனால் பின் பூட்டுக்காகச் செய்த கம்பியால் அதைத் திறக்கப் பார்ப்பது கரண்டியால் தேங்காய் துருவுகிற கதை.

இது தெரியாமல் வேலூர் லாங்கு பஜாரில் போய் நான்கு பூட்டு வாங்கினேன். அட்டையில் "6 லீவர்" என்று போட்டிருந்ததை ஆறு பின் என்று நினைத்துக்கொண்டேன். நான்கும் லீவர். மூன்று வாரம் குடைந்தேன். கையில் கொப்புளம்தான் மிச்சம்.

பூட்டை உடைத்துப் பார்க்க வேண்டியதில்லை, சாவியே சொல்லிவிடும்.

சாவியின் தட்டைப் பக்கத்தில் விரலை ஓட்டுங்கள். நீளவாக்கில் வாய்க்கால் மாதிரி பள்ளம் ஓடுகிறதா? ஒரு விளிம்பில் மட்டும் பாலமதி மலையைத் தூரத்திலிருந்து பார்த்ததுபோல ஏற்ற இறக்கம் இருக்கிறதா? அது பின் பூட்டுச் சாவி. அதுதான் வேண்டும்.

தட்டைப் பக்கம் வழவழவென்று இருந்து, விளிம்பில் வெட்டுகள் படிக்கட்டு போலச் சதுரம் சதுரமாக இருந்தால் லீவர். உருண்டைத் தண்டும் நுனியில் கொடி மாதிரித் தகடும் இருந்தாலும் லீவர்தான். அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இரண்டு விளிம்பிலும் வெட்டு இருக்கிற மெல்லிய சாவியோடு சூட்கேஸ், மேஜை டிராயர் பூட்டுகள் வரும். உள்ளே பின்னுக்குப் பதில் மெல்லிய தகடுகள் இருக்கும். கம்பியை உள்ளே விட்டு இரண்டு ஆட்டு ஆட்டினால் பல சமயம் திறந்துகொள்ளும். சந்தோஷமாக இருக்கும், ஆனால் கை ஒன்றும் கற்றுக்கொள்ளாது.

பின் பூட்டுச் சாவி கிடைத்ததும் அதன் விளிம்பிலுள்ள பள்ளங்களை எண்ணுங்கள். மூன்று பள்ளம் என்றால் மூன்று பின், நான்கு என்றால் நான்கு. முதல் பூட்டுக்கு மூன்றோ நான்கோ போதும். பள்ளங்களின் ஆழமும் முக்கியம். ஒன்று ஆழமாகவும் பக்கத்தில் இருப்பது மேடாகவும் இருந்தால் கம்பி நுழைய இடம் இருக்காது. எல்லாம் ஏறக்குறைய ஒரே ஆழத்தில் இருக்கும் சாவியாகப் பொறுக்குங்கள். கடைக்காரரிடம் ஒரே ரகத்தில் ஐந்தாறு பூட்டை எடுத்துப் போடச் சொல்லித் தேர்ந்தெடுக்கலாம். "இன்னா தம்பி, எல்லாரும் பூட்டை இழுத்துப் பாப்பாங்க, நீ சாவியையே பாத்துனு கீறே?" என்று எனக்கு விழுந்த கேள்வி உங்களுக்கும் விழும். பழகுவதற்கு என்று உண்மையைச் சொல்லிவிடுங்கள். மழுப்பினால்தான் சந்தேகம் வரும்.

விலை: சின்னப் பித்தளைப் பின் பூட்டு ஒன்று 80 முதல் 150 ரூபாய்க்குள் எனக்குக் கிடைத்தது. இரண்டு வாங்குங்கள். மலிவுப் பூட்டு என்று கூச்சப்பட வேண்டாம், மலிவுதான் நமக்கு நல்லது. ஏன் என்று ஆறாவது படியில் வரும்.

3. மூன்று கருவி போதும்

பதினேழு, இருபத்திநாலு என்று கம்பிகள் அடுக்கிய தோல் பையைப் பார்த்ததும் கை பரபரக்கும். எனக்கும் பரபரத்தது. அந்த 850 ரூபாய்ப் பெட்டியில் இன்றுவரை நான் தொட்டது மூன்றே மூன்று: நுனி லேசாக வளைந்த கொக்கிக் கம்பி, அலைஅலையாக நெளிந்த நெளிக் கம்பி, உருளையைத் திருப்புவதற்கு ஒரு முறுக்குக் கம்பி. மற்றதெல்லாம் அலங்காரம். மூன்று முதல் ஐந்து உருப்படி உள்ள சின்னப் பெட்டி 350 ரூபாய் அளவில் வந்தால் தாராளமாகப் போதும். விசையை அழுத்தினால் பின்களைத் தட்டிவிடும் துப்பாக்கிக் கருவி வேண்டவே வேண்டாம். அது திறந்தாலும் நீங்கள் திறந்ததாக ஆகாது.

இணையத்தில் ஆர்டர் போட்டால் சொன்ன தேதியை நம்பி லீவு போடாதீர்கள். நான்கு நாள் என்றது எனக்குப் பத்தாவது நாள் வந்தது, அதுவும் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். பாக்கெட் மேல் கம்பிப் படம் வேறு. நீங்கள் வீட்டில் இருக்கும் முகவரிக்கே வரவழையுங்கள்.

காசு செலவழிக்க மனமில்லை என்றால் செய்துகொள்ளலாம். கார் கண்ணாடியின் மழைத் துடைப்பானில், ரப்பருக்குள் நீளமான எஃகுப் பட்டை ஒன்று இருக்கும். மெக்கானிக் ஷெட்டில் பழைய துடைப்பானைத் தூக்கித்தான் போடுவார்கள், கேட்டால் கொடுப்பார்கள். அதை இரண்டு அங்குலத்துக்கு வெட்டி, நுனியை எல் வடிவில் மடக்கினால் அருமையான முறுக்குக் கம்பி. ஆக்சா பிளேடு ஒன்றை அரத்தாலும் சாணைக் கல்லாலும் தேய்த்தால் கொக்கிக் கம்பி. சாணை பிடிக்கும்போது கண்ணாடி போடுங்கள். இரண்டு நொடிக்கு ஒருமுறை தண்ணீரில் முக்குங்கள். நுனி நீலம் பாய்ந்துவிட்டால் சூட்டில் அதன் உரம் போய்விட்டது என்று அர்த்தம், பூட்டுக்குள் வளையும். கடைசியில் உப்புத்தாளால் மழமழவென்று தேய்ப்பது முக்கியம். சொரசொரப்பாக இருந்தால் பின் அசைவதும் கம்பி உரசுவதும் விரலுக்கு ஒன்றாகவே தெரியும்.

4. ரசீது, சாவி

வாங்கும் ஒவ்வொரு பூட்டுக்கும் பில் கேளுங்கள். நூறு ரூபாய்ப் பூட்டுக்குப் பில்லா என்று கடைக்காரர் அலுத்துக்கொள்வார், துண்டுச் சீட்டில் தேதி போட்டுக் கொடுத்தாலும் சரி. கருவி வாங்கிய ரசீதையும் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அதைவிடப் பெரிய ஆவணம் சாவி. பூட்டோடு அதன் சாவியும் ஒரே கவரில் இருந்தால் இது யாருடைய பூட்டு என்ற கேள்விக்கே இடமில்லை. நான் ஜிப் கவர் ஒவ்வொன்றிலும் ஒரு பூட்டு, இரண்டு சாவி, பில், மேலே எண் என்று போட்டு ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருக்கிறேன். பாதியில் சிக்கிக்கொண்டாலும் சாவி வேண்டும்.

வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் முதலிலேயே டப்பாவைத் திறந்து காட்டிவிடுங்கள். நான் காட்டவில்லை. மாடிக் கட்டைச் சுவரில் காயவைத்திருந்த கம்பிகளை அவராகவே பார்த்த பிறகு விளக்க வேண்டியதாயிற்று. அரை மணி நேரப் பேச்சு, ஒரு டம்ளர் காபி.

கருவி வீட்டை விட்டு வெளியே போக வேண்டாம். பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போவது, காட்பாடி ஸ்டேஷனில் பைச் சோதனைக்கு வைப்பது எல்லாம் தேவையில்லாத வம்பு. ராத்திரியில் என்றால் கேட்கவே வேண்டாம்.

5. உட்காரும் இடம்

மேஜை, துணி விரிப்பு, நல்ல வெளிச்சம். பூட்டைக் கையிலேயே பிடித்துப் பழகலாம். வைஸில் (மேஜையில் பொருத்தும் இரும்புப் பிடிப்பான்) பிடிப்பதானால் நடுவில் துணி வைத்து லேசாகப் பிடியுங்கள், மலிவுப் பூட்டின் உடம்பு நசுங்கினால் உருளை திரும்பாது. நேரம் விடிகாலை அல்லது ராத்திரி. வேலூர் மே மாதத்து மத்தியானத்தில் உட்கார்ந்தால் வியர்வையில் கம்பி வழுக்கும், எரிச்சல்தான் வரும்.

6. திறப்பது

முதலில் சாவியைப் போட்டுத் திறந்து பாருங்கள். சாவியின் பல் எந்தப் பக்கம் பார்க்கிறது, எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கவனியுங்கள். பல் இருக்கும் பக்கம்தான் பின்கள் இருக்கின்றன. சாவித் துளையின் எதிர்ப்பக்க விளிம்பில் முறுக்குக் கம்பியைச் செருகி, சாவி திரும்பும் திசையில் லேசாக அழுத்துங்கள்.

லேசாக என்றால் எவ்வளவு? கம்ப்யூட்டர் விசைப்பலகையில் ஒரு எழுத்தைத் தட்டும் அளவு, அவ்வளவுதான். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஜன்னல் கொக்கியைத் திருகுவதுபோலத் திருகுவார்கள். நகத்தின் நுனி வெளுத்தால் அழுத்தம் அதிகம் என்று நான் எனக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறேன்.

உள்ளே நடப்பது இதுதான். ஒவ்வொரு துளையிலும் கீழே ஒரு பின், மேலே ஒரு பின், அதற்கு மேலே ஸ்பிரிங். மேல் பின் உருளைக்குள் கொஞ்சம் இறங்கி நிற்பதால் உருளை திரும்பாது. இரண்டு பின்னும் சந்திக்கிற இடம் உருளையின் விளிம்போடு சரியாக நேராகும்வரை தூக்கினால் அந்தப் பின் வழிவிடும். எல்லாப் பின்னும் வழிவிட்டால் திறந்துகொள்ளும். சாவி எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தூக்குகிறது. நாம் ஒவ்வொன்றாகத் தூக்குகிறோம்.

ஒவ்வொன்றாகத் தூக்கினால் மற்றது விழாதா? இங்கேதான் மலிவுப் பூட்டு நமக்கு உதவுகிறது. துளைகளை ஒரே நேர்கோட்டில் போட்டிருக்க மாட்டார்கள், மயிரிழை முன்னே பின்னே இருக்கும். லேசாகத் திருப்பும்போது எல்லாப் பின்னும் ஒரே நேரத்தில் இறுகாது, ஏதோ ஒன்று முதலில் இறுகும். அந்த ஒன்றைக் கண்டுபிடியுங்கள். கொக்கிக் கம்பியால் ஒவ்வொரு பின்னையும் தொட்டுத் தூக்கிப் பாருங்கள். இறுகாத பின் பேனா ஸ்பிரிங் மாதிரித் துள்ளும். இறுகியது அசைய மறுக்கும். மறுப்பதை மெல்லத் தூக்கினால் சின்னதாக ஒரு "டிக்", உருளை நூலளவு திரும்பும். அந்தப் பின் அப்படியே நிற்கும். இப்போது வேறொன்று இறுகியிருக்கும். அதைத் தேடுங்கள்.

முன்னாலிருந்து வரிசையாகத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். மூன்று, ஒன்று, நான்கு, இரண்டு என்று பூட்டுக்குப் பூட்டு வரிசை மாறும். கண்டுபிடித்த வரிசையை நோட்டில் எழுதிவையுங்கள். மறுநாள் அதே பூட்டு அதே வரிசையில்தான் திறக்கும்.

உள்ளே தெரிகிற கண்ணாடிப் பூட்டு ஒன்று பெட்டியோடு வந்திருந்தால் இரண்டு நாளைக்கு மேல் அதை வைத்துக்கொள்ளாதீர்கள். பின் எப்படி ஏறுகிறது என்று புரிவதற்கு நல்லது. ஆனால் கண் பார்த்துக்கொண்டே இருக்கும்வரை விரல் சோம்பேறியாகவே இருக்கும். எனக்கு முதல் பித்தளைப் பூட்டு திறந்தது கரண்ட் போன ஒரு ராத்திரி. ஃபேன் நின்று, தெரு முழுக்க இருட்டு, மெழுகுவத்தி தேட எழுந்திருக்கச் சோம்பல். கையில் இருந்ததைச் சும்மா தடவிக்கொண்டிருந்தேன். மூன்றாவது பின் மட்டும் கல்லில் இடிப்பதுபோல நின்றது. அத்தனை நாளும் அது அப்படித்தான் நின்றிருக்கும், நான்தான் துளைக்குள் டார்ச் அடித்துக்கொண்டிருந்தேன். டிக். பிறகு முதலாவது. பிறகு எது என்று நினைப்பதற்குள் வளையம் தெறித்து என் கட்டைவிரலில் அடித்தது.

வளையம் ஸ்பிரிங்கில் தெறிக்கும் பூட்டில் இன்னொன்றும் உண்டு. பின்கள் எல்லாம் அமர்ந்த பிறகும் அந்த ஸ்பிரிங்கை மீறித் திருப்பக் கடைசியில் கொஞ்சம் கூடுதல் அழுத்தம் தேவைப்படும். எல்லாம் முடிந்தும் திறக்கவில்லையே என்று கைவிட்டுவிடாதீர்கள்.

7. திறக்கவில்லை என்றால்

பத்தில் எட்டுத் தடவை அழுத்தம் அதிகம். விட்டுவிட்டு, பாதி அழுத்தத்தில் மறுபடி தொடங்குங்கள்.

ஏதாவது ஒரு பின் துள்ளவும் இல்லை, மேலும் கீழும் அசையவும் இல்லை, செத்துப்போன மாதிரி இருந்தால் அதை அளவுக்கு மேல் தூக்கிவிட்டிருக்கலாம். கீழ்ப் பின்னே மேலே ஏறிச் சிக்கிக்கொண்டிருக்கும். முறுக்குக் கம்பியை மெதுவாகத் தளர்த்துங்கள். காதைக் கிட்டே வைத்தால் பின்கள் விழுவது டிக் டிக்கென்று கேட்கும். எத்தனை விழுந்தன என்று எண்ணினால் எத்தனை அமர்ந்திருந்தன என்று தெரிந்துவிடும்.

உருளை நன்றாகத் திரும்பி, இதோ திறக்கப்போகிறது என்று ஆசைகாட்டி நின்றுவிட்டால், இடுப்பு மெலிந்த உடுக்கை வடிவப் பின் உள்ளே இருக்கலாம். நம்மை ஏமாற்றவே வைப்பது. அந்தப் பூட்டை இரண்டு மாதம் கழித்து எடுங்கள்.

இறுக்கமாக இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். நான் விட்டேன். நான்கு நாளில் தூசி ஒட்டிப் பிசினாகி, ஸ்பிரிங் எழும்பவே இல்லை. பென்சில் முனையைச் சுரண்டி அந்தத் தூளைச் சாவியில் தடவி உள்ளே விட்டு எடுத்தால் போதும்.

8. எத்தனை நாள்

ஒரு நாளைக்கு 15 நிமிடம். அதற்கு மேல் விரல் மரத்துப்போய் எல்லாப் பின்னும் ஒன்றாகத் தெரியும். மூன்று பின் பூட்டு முதல் வாரத்தில் திறக்கலாம். நான்கு பின் தற்செயலாக இல்லாமல், கேட்கும்போதெல்லாம் திறக்க ஐந்தாறு வாரம் ஆகும். ஒரே பூட்டை இருபது தடவை திறந்த பிறகு கைக்கு வரிசை மனப்பாடம் ஆகிவிடும், அப்போது இரண்டாவது பூட்டை எடுங்கள்.

9. தெருவுக்குத் தெரிந்துவிட்டால்

தெரிந்துவிடும். ஒரு நாள் எதிர்வீட்டு அக்கா வந்து, "தம்பி, சாவியை எங்கயோ போட்டுட்டேன், உனக்குத்தான் கைவேலை தெரியுமாமே" என்று நிற்பார். போகாதீர்கள். ஒன்று, அது பெரும்பாலும் லீவர் பூட்டாக இருக்கும், மானம் போகும். இரண்டு, திறந்துவிட்டால் இன்னும் மோசம், அடுத்த மாதம் தெருவில் ஏதாவது காணாமல்போனால் முதலில் உங்கள் பேர்தான் அடிபடும்.

நான் சாவி போடுகிறவரை அழைத்து வந்தேன். ரோட்டோரம் குடைக்குக் கீழே சாவிக் கொத்துகளைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பவர். வெட்டாத சாவி ஒன்றைப் பூட்டில் விட்டு இறுக்கித் திருப்பி வெளியே எடுத்தார். வெயிலில் சாய்த்துப் பார்த்தார். தகடு அழுத்திய இடத்தில் பொட்டுப் பொட்டாகத் தடம் விழுந்திருந்தது. அதில் மட்டும் அரத்தை இரண்டு இழு. மறுபடி விட்டு, மறுபடி பார்த்து, மறுபடி இரண்டு இழு. பதினைந்து நிமிடத்தில் சாவியே தயார், 150 ரூபாய். நான் மூன்று வாரம் குடைந்த அதே ரகப் பூட்டு.

அவரைப் பழக்கம் பிடித்துக்கொள்ளுங்கள். வீட்டுக் கதவுகளில் மாற்றிப்போட்டுக் கழித்த பழைய பின் பூட்டுச் சிலிண்டர்கள் (பின்னும் உருளையும் உள்ள பகுதி) அவரிடம் ஒரு டப்பா நிறையக் கிடக்கும். எனக்கு ஒவ்வொன்றும் 20 ரூபாய்க்குக் கொடுத்தார், ஒன்றுக்கு மட்டும் பழைய சாவி இருந்தது, அதைத்தான் முதலில் எடுத்தேன். கழற்றிப் பார்ப்பதானால் உருளையை அப்படியே உருவாதீர்கள், ஸ்பிரிங் கட்டிலுக்கு அடியில் போய்விடும். அதே பருமனுள்ள மரக்குச்சியைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே உருவுங்கள், பின்களை எடுக்கும் வரிசையிலேயே முட்டை அட்டையின் குழிகளில் போடுங்கள். நான்கு பின்னில் இரண்டை மட்டும் திரும்பப் போட்டால் அதுவே ஆரம்பப் பாடத்துக்கு இரண்டு பின் பூட்டு. பதினொரு மணிக்கு முன்னால் போங்கள், வெயில் ஏறினால் குடையை மடக்கிவிடுவார். சில்லறையாக எடுத்துப் போங்கள்.